முகத்துக்கு ஓர் இலக்கம்

“நீங்க யாருட மகன்?” என்ற கேள்வியோடுதான் எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு முகம் அறியப்படுகிறது. பெயரெல்லாம் அதற்குப் பிறகுதான். மஃரிப் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படிக்கட்டில் செருப்புத் தேடிக்கொண்டிருக்கும் சிறுவனை ஒரு பெரியவர் பிடித்து நிறுத்துவார். தாடையை நிமிர்த்திப் பார்ப்பார். “மூக்கு அப்படியே உங்கட மூத்தாப்பாட மூக்கு” என்பார். அந்த மூத்தாப்பா மௌத்தாகி முப்பது வருடம் ஆகியிருக்கும். சிறுவன் அவரைக் கண்டதேயில்லை. ஆனாலும் அந்த மூக்கின் வழியாக அவன் இன்ன வீட்டுப் பிள்ளை என்பது ஊருக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்தப் பெரியவர் ஒரு நொடியில் செய்து முடிக்கும் காரியத்தை இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுக்க விஞ்ஞானிகள் அறுபது வருடங்களாகப் பாடுபட்டு வந்திருக்கிறார்கள். ஓரளவுக்கு வெற்றியும் கண்டுவிட்டார்கள். கைத்தொலைபேசியை முகத்துக்கு நேரே பிடித்தால் அது திறந்துகொள்கிறது. கடவுச்சீட்டுப் படத்தையும் முன்னால் நிற்பவரின் முகத்தையும் கமராவே ஒப்பிட்டுப் பார்த்துக் கதவைத் திறந்துவிடும் விமான நிலையங்கள் பல நாடுகளில் உண்டு. கண்டிச் சீமையின் ஒரு கிராமப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கும் எனக்கு இந்த விஷயத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. எங்கள் பிள்ளைகளின் விபரங்களைப் படிவத்தில் நிரப்பி, சரிபார்த்து, அதிபரின் ஒப்பத்துக்கு வைத்து ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு அனுப்பும் வேலை பெரும்பாலும் ஒரு வகுப்பாசிரியரின் தலையில்தான் விழுகிறது.

முகம் அறிதல் என்பது நமக்குப் புதிய சிந்தனையுமல்ல. ஆயிரம் வருடங்களுக்கு முன்னர் கெய்ரோவிலிருந்து ஒளியியலைப் பற்றி எழுதிய இப்னுல் ஹைதம், தமது ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் பார்வையைப் பல படிகளாகப் பிரித்திருக்கிறார். கண்ணுக்கு நேரே கிடைப்பது ஒளியும் நிறமும் மட்டுமே. அதற்குமேல், முன்பு கண்டு மனதில் பதிந்திருப்பதோடு இப்போது காண்பதை ஒப்பிடும் ஒரு செயல் உள்ளே நடக்கிறது. அதுதான் ஒன்றை இன்னதென்று அறிதல் என்பது அவருடைய விளக்கம். இன்றைய கணினி செய்வதும் இந்த ஒப்பீட்டைத்தான். எதை எதனோடு ஒப்பிடுகிறது, எவ்வளவு ஒத்திருந்தால் போதும் என்கிறது என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

1960களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வூட்ரோ பிளெட்சோ என்ற கணிதவியலாளர் இந்த வேலையைத் தொடங்கினார். அன்றைய கணினிக்குக் கண் எது, மூக்கு எது என்று தெரியாது. ஆகவே ஒரு மனிதர் உட்கார்ந்து, புகைப்படத்தில் கண்ணின் ஓரங்களையும் வாயின் ஓரங்களையும் புள்ளி வைத்துக் குறித்துக் கொடுப்பார். அந்தப் புள்ளிகளுக்கிடையிலான தூரங்களைக் கணினி கணக்கிட்டு ஒப்பிடும். 1973இல் ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் தக்கேயோ கனடே என்ற ஆய்வாளர், மனிதர் புள்ளி வைக்காமலே கணினி தானாக அந்த இடங்களைத் தேடிக்கொள்ளும் முறையொன்றைத் தமது கலாநிதிப் பட்ட ஆய்வில் காட்டினார். 1991இல் மத்தியூ டேர்க், அலெக்ஸ் பென்ட்லண்ட் என்ற இருவர், முகத்தைக் கண், மூக்கு என்று பிரிக்காமல் முழுப் படமாகவே எடுத்து, சில அடிப்படை முகங்களின் கலவையாக ஒவ்வொரு முகத்தையும் எழுதலாம் என்றார்கள். 2014இல் பேஸ்புக் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், இரண்டு படங்களில் இருப்பது ஒரே ஆளா என்று கேட்டால் தங்கள் கணினி நூற்றுக்கு 97.35 தடவை சரியாகச் சொல்கிறது என்று அறிவித்தார்கள். அதே சோதனையில் மனிதர்கள் பெற்ற புள்ளியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இதன் உள்வேலையைப் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு தடவை கரும்பலகையில் விளக்கினேன். வரைபுத்தாளில் ஒரு புள்ளியைக் குறிக்க இரண்டு எண்கள் போதும். இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தைப் பைதகரஸ் தேற்றத்தால் காணலாம். முகத்துக்கு இரண்டு எண்கள் போதாது. 2015இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட முறையில் ஒவ்வொரு முகமும் 128 எண்களாக மாற்றப்பட்டது. தூரம் காணும் கணக்கு மட்டும் அதே பைதகரஸ்தான். ஒரே ஆளின் இரண்டு படங்கள் கிட்டக் கிட்ட விழ வேண்டும். வேறு வேறு ஆட்களின் படங்கள் தூரத் தூர விழ வேண்டும். இலட்சக்கணக்கான படங்களைக் காட்டிக் காட்டி அந்த எண்களை எப்படி உண்டாக்குவது என்று கணினியைப் பழக்குகிறார்கள்.

“சேர், எவ்வளவு கிட்ட இருந்தா ஒரே ஆள்?” என்று ஒரு மாணவன் கேட்டான்.

அவன் கேட்டதுதான் இந்த முழு விஞ்ஞானத்தின் உயிர்நாடியான கேள்வி. அந்த எல்லையை இயற்கை வகுக்கவில்லை. ஒரு மனிதர் வகுக்கிறார். எல்லையை இறுக்கினால் உண்மையான ஆளையே “நீ அவனில்லை” என்று கருவி திருப்பி அனுப்பும். தளர்த்தினால் வேறொருவரை “நீதான் அவன்” என்று பிடித்து வைக்கும். இரண்டு பிழையும் ஒரேயடியாக இல்லாமற்போகும் இடம் என்று ஒன்று கிடையாது. எந்தப் பிழையை யாருடைய தலையில் ஏற்றுவது என்பதைத் தீர்மானிப்பது கணக்கல்ல, நிர்வாகம்.

எங்கள் பாடசாலையில் இரட்டைப் பிள்ளைகளான இரண்டு பெண்கள் படிக்கிறார்கள். வீட்டில் இருக்கும் கைத்தொலைபேசி மூத்தவளின் முகத்துக்குப் பழக்கப்பட்டது. தங்கை பார்த்தாலும் அது திறந்துகொள்கிறதாம். இரட்டையர் விஷயத்தில் இப்படி நடக்கக்கூடும் என்று தொலைபேசி செய்கிறவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இவர்கள் இரண்டு பேரையும் எப்படிப் பிரித்துப் பார்க்கிறீர்கள் என்று தாயாரிடம் கேட்டேன். “மூத்தவ கூப்பிட்டா நின்டுட்டுத் திரும்புவா சேர். சின்னவ திரும்பிக்கிட்டே வருவா” என்றார். அந்தத் தாய் பார்ப்பது முகத்தை மட்டுமல்ல, பதினைந்து வருடப் பழக்கத்தையும்தான்.

*

இந்தக் கருவிகள் இரண்டு விதமாகப் பயன்படுகின்றன. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று, “நான் இன்னார்” என்று நானே போய்ச் சொல்ல, என் முகத்தை என்னுடைய பழைய ஒரே ஒரு படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. மற்றது, நான் ஒன்றும் சொல்லாமல் வீதியில் நடந்துபோகும்போது, என் முகத்தை ஆயிரக்கணக்கான முகங்கள் கொண்ட ஒரு பட்டியலோடு ஒப்பிட்டு “இவன் யார்?” என்று தேடுவது.

இரண்டாவதைப் பற்றி ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எசல பெரஹர காலத்தில் கண்டி நகர வீதிகளில் ஓர் இரவில் ஒரு இலட்சம் பேர் ஒரு கமராவைக் கடந்து போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பொலிஸார் தேடும் பத்துப் பேர் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். கருவி அந்தப் பத்துப் பேரையும் தவறாமல் பிடித்துவிடுகிறது. மற்றவர்களில் ஆயிரத்துக்கு ஒருவரை மட்டும் பிழையாகக் காட்டுகிறது. கேட்க மிக நல்ல கருவியாகத்தான் தெரிகிறது. ஆனால் அன்றிரவு மணி அடிக்கும் நூற்றுப்பத்துத் தடவைகளில் நூறு தடவை பிடிபடுகிறவர் குற்றமற்றவர். ஆயிரத்துக்கு 999 சரி என்று விளம்பரத்தில் வருவது, வீதியில் நிறுத்தப்படுகிறவர்களில் பதினொரு பேருக்குப் பத்துப் பேர் அப்பாவிகள் என்று ஆகிவிடுகிறது. இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது வகுப்பில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அந்தப் பிழையும் எல்லா முகங்களுக்கும் ஒரே அளவில் பகிரப்படுவதில்லை. அமெரிக்காவின் தேசிய தர, தொழில்நுட்ப நிறுவகம் 99 நிறுவனங்களும் ஆய்வுகூடங்களும் தயாரித்த 189 முறைகளைச் சோதித்து 2019 டிசம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆசிய, ஆபிரிக்க அமெரிக்க முகங்களை வேறொருவர் என்று பிழையாகப் பொருத்துவது, வெள்ளையரின் முகங்களைவிடப் பத்து முதல் நூறு மடங்குவரை அதிகமாகப் பல முறைகளில் இருந்தது. ஆனால் ஆசிய நாடுகளில் உருவாக்கப்பட்ட சில முறைகளில் ஆசிய முகங்களுக்கு அந்த வித்தியாசம் அவ்வளவாகக் காணப்படவில்லை. குறை நம் முகத்தில் இல்லை, கருவிக்குக் காட்டிப் பழக்கிய படங்களில்தான் இருந்திருக்கிறது என்பது இதிலிருந்து புரிகிறது. சீனாவில் உய்குர் முஸ்லிம்களின் முகத்தைத் தனியாகக் கண்டுகொண்டு எச்சரிக்கை தரும் மென்பொருள் சோதிக்கப்பட்டது 2020 டிசம்பரில் அம்பலமானது. அங்கே கருவி பிழை விடவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், அது கேட்ட கேள்வியே அநியாயமானது.

*

நம் நாட்டு அடையாள அட்டைக்கு வருவோம். ஆட்களைப் பதிவு செய்யும் சட்டம் 1968இல் வந்தது. அட்டை வழங்கத் தொடங்கியது 1972இல். பழைய அட்டையின் ஒன்பது இலக்கங்களில் முதல் இரண்டும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500ஐக் கூட்ட வேண்டும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே கணக்கு. ஆகவே 1981 மார்ச் முதலாம் திகதி பிறந்த ஆணுக்கு 061, பெண்ணுக்கு 561. 2016இலிருந்து பன்னிரண்டு இலக்கம். வருடம் நான்கு இலக்கமாக முழுதாக வருகிறது. நாட்கணக்கு பழைய முறைதான். வகுப்பில் பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்ததும் வீட்டில் உள்ள எல்லோருடைய அட்டையையும் வாங்கிப் பார்த்துப் பிறந்த நாள் சொல்லி மகிழ்கிறார்கள்.

என்னுடைய முதலாவது அட்டை சிங்களத்தில் மட்டுமே இருந்தது. என் பெயரை நானே வாசிக்க இன்னொருவரின் எழுத்தைப் படித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இந்தப் பெயர் விஷயம் எங்களவர்களுக்கு ஒரு தீராத தலைவலி. அரபுப் பெயர் தமிழ் வாயில் ஒரு விதம். அதைக் கேட்டு எழுதுபவரின் சிங்களத்தில் இன்னொரு விதம். அதிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது மூன்றாவது விதம். பிறப்புச் சான்றிதழில் ‘மொஹமட்’, பாடசாலைப் பதிவேட்டில் ‘முஹம்மத்’, அட்டையில் ‘மொஹொமட்’. பாத்திமா, பாதிமா, ஃபாத்திமா என்று ஒரே பிள்ளை மூன்று பிள்ளைகளாகிவிடுகிறாள். பிறகு இந்த மூவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். வெளிநாட்டு வேலைக்குப் போக ஆயத்தமான இளைஞர்கள் ஒரு எழுத்தால் மாதக்கணக்கில் அலைந்ததை நான் கண்டிருக்கிறேன். முகத்துக்கும் விரலுக்கும் எழுத்துப் பிழை கிடையாது. ஆகவே உடலை அடையாளமாகக் கொள்ளும் முறை வந்தால் இந்த அலைச்சல் குறையும் என்று எதிர்பார்ப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுடைய எதிர்பார்ப்பு நியாயமானது.

இப்போது பதினைந்து வயதில் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். சாதாரண தரப் பரீட்சை மண்டபத்துக்குள் போக அது தேவை. 2017இல் புதிய வகை அட்டை வந்ததோடு, விரும்பிய இடத்தில் படம் எடுத்து ஒட்டும் வழக்கம் முடிந்தது. திணைக்களத்தில் பதிவு பெற்ற ஸ்டூடியோவில் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தரத்துக்கு எடுக்க வேண்டும். படம் கணினி வழியாகத் திணைக்களத்துக்குப் போகும். முகம் நேராக இருக்க வேண்டும். நிழல் விழக் கூடாது. சிரிக்கவும் கூடாது. “ஏன் சேர் சிரிக்கக் கூடாது?” என்று வருடா வருடம் யாராவது கேட்கிறார்கள். சிரித்தால் கன்னம் மேலே ஏறும், கண் சுருங்கும், வாயின் ஓரங்கள் இடம் மாறும். கருவிக்கு மாறாத முகம் வேண்டும். அதனால்தான் நம் எல்லோருடைய அட்டையிலும் ஒரு ஜனாஸா வீட்டிலிருந்து வந்த முகம் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவியை ஸ்டூடியோ ஒன்றில் காது தெரியும்படி முந்தானையைப் பின்னுக்குத் தள்ளச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை அழுதுகொண்டு வந்துவிட்டாள். படமில்லாமல் விண்ணப்பம் போகாது. அட்டையில்லாமல் பரீட்சைக்குச் சிக்கல். வாப்பா வெளிநாட்டில். உம்மா என்னிடம் வந்தார். “சேர், காதுல என்னத்தப் பாக்கவாம்?” என்று கேட்டார். சர்வதேச விதியைத் தேடி வாசித்தேன். சமய காரணத்துக்காகத் தலையை மூடலாம் என்றும், தாடையின் அடியிலிருந்து நெற்றி வரை, முகத்தின் இரண்டு ஓரங்களும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றும்தான் அதில் இருந்தது. வேறொரு ஸ்டூடியோவுக்கு உம்மாவோடு அனுப்பினேன். முந்தானையோடு படம் எடுத்தார்கள். அட்டையும் ஒழுங்காக வந்து சேர்ந்தது. பிள்ளையை அழ வைத்தது கருவியுமல்ல, விதியுமல்ல. இரண்டுக்கும் இடையில் நின்று தன் இஷ்டத்துக்கு விளக்கம் சொன்ன ஒரு மனிதர்.

காது என்பது எங்களுக்கு வெறும் காதாக இல்லாமற்போனதற்கு ஒரு காரணமிருக்கிறது. 2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு, ஏப்ரல் 29ஆம் திகதி அவசரகாலச் சட்டத்தின் கீழ் ஆளை அடையாளம் காணத் தடையாக முகத்தை மூடுவது தடை செய்யப்பட்டது. முழு முகம் என்பதில் காதுகளும் அடங்கும் என்று அந்த ஒழுங்குவிதி சொன்னது. முகத்தை மூடியே இராத, தலைமுந்தானை மட்டும் போட்ட எங்கள் ஆசிரியைகளும் தாய்மாரும் அந்த ஒரு சொல்லால் வாசல்களில் நிறுத்தப்பட்டார்கள். அவ்வருடம் ஆகஸ்டில் அவசரகாலச் சட்டம் காலாவதியாகி அந்தத் தடையும் போனது. ஆனாலும் அந்த மாதங்களில் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து ஆசனம் காலியாகவே இருந்ததை எங்களில் பலர் மறக்கவில்லை.

அதே ஏப்ரல் மாதம் 25ஆம் திகதி பொலிஸார் தேடப்படுகிறவர்களின் படங்களை வெளியிட்டார்கள். அதில் ஒரு படம், இலங்கைப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்து, பிரவுன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியுடையது. தலையில் முந்தானை. பெயர் மட்டும் வேறு ஒருத்தியுடையது. காலையில் கண் விழித்தபோது தான் ஒரு பயங்கரவாதியாகியிருப்பதை அந்தப் பிள்ளை கண்டாள். பொலிஸார் பிழையை ஏற்று மன்னிப்புக் கேட்டார்கள். அவளுக்கு ஆங்கிலமும் கல்வியும் கூப்பிட்ட குரலுக்கு வரும் பத்திரிகைகளும் இருந்தன. அந்தப் படம் எங்கள் மலைக் கிராமத்துப் பிள்ளை ஒருத்தியுடையதாக இருந்திருந்தால் மன்னிப்பு எத்தனையாவது நாளில் வந்திருக்கும்?

கமராவைக் குறை மட்டும் சொல்லிப்போக எனக்கு மனமில்லை. அதற்கு ஒரு வருடம் முன்னர், 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணைப் பக்கங்களில் நம் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. பொலிஸாரிலும் அரசியல்வாதிகளிலும் சிலர் அதில் சேர்ந்துகொண்டதாகப் பாதிக்கப்பட்டவர்கள் சொன்னார்கள். சொன்னவற்றில் சிலதைக் கண்காணிப்புக் கமராக் காட்சிகள் உறுதிப்படுத்துவதாகத் தோன்றுகிறது என்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அந்தக் காட்சிகளைப் பார்த்துவிட்டு எழுதியது. எங்கள் வாய்ச்சொல்லை நம்பாதவர்களும் படத்தை மறுக்கத் தடுமாறினார்கள். ஒரே கமரா ஒரு நாள் நமக்குச் சாட்சி, இன்னொரு நாள் நமக்கெதிரான சாட்சி. அந்தப் படம் யாருடைய கையில் இருக்கிறது, அதை யார் கேட்டுப் பெறலாம் என்பதைப் பொறுத்துத்தான் அது எந்தச் சாட்சி என்பது.

*

விரலடையாளத்தின் கதையிலும் நம்மவர் ஒருவர் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கல்கத்தாவில் எட்வர்ட் ஹென்றி என்ற ஆங்கிலேயப் பொலிஸ் அதிகாரியின் கீழ் இரண்டு இந்தியர்கள் வேலை செய்தார்கள். ஒருவர் காஸி அஸீஸுல் ஹக், மற்றவர் ஹேம் சந்திர போஸ். ஆயிரக்கணக்கான விரலடையாளங்களுக்குள் ஒன்றைத் தேடியெடுப்பதற்கு, சுழிகளையும் வளைவுகளையும் எண்ணாக மாற்றி 1024 அறைகளில் அடுக்கும் கணக்கை வகுத்ததில் அஸீஸுல் ஹக்குக்குப் பெரும் பங்கு. 1897இல் கல்கத்தாவில் விரலடையாளப் பணியகம் தொடங்கியது. 1901இல் முறை லண்டனுக்குப் போனது. உலகம் முழுவதும் அது ‘ஹென்றி முறை’ என்றே அழைக்கப்படுகிறது. அடையாளம் காணும் முறையைக் கண்டவரின் அடையாளமே மறைந்துபோனது.

விரல் பிழைக்காது என்பார்கள். விரல் தேயும். என் உம்மா நாற்பது வருடம் மிளகு உருவியவர், கராம்பு பறித்தவர், சாதிக்காய் உடைத்தவர், சாம்பலால் சட்டி தேய்த்தவர். உம்ராவுக்கு அழைத்துப்போன வழியில் ஒரு விமான நிலையத்தில் விரலைக் கண்ணாடியில் வைக்கச் சொன்னார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்து வைக்கச் சொன்னார்கள். மறுபடியும் சிவப்பு. பின்னால் வரிசை நீண்டது. அதிகாரி எழுந்து வந்து உம்மாவின் விரலைப் பிடித்து அழுத்திப் பார்த்தார். உம்மா வெட்கப்பட்டுக் கையை இழுத்துக்கொண்டு என்னிடம் மெல்லக் கேட்டார்: “எண்ட ரேகையெல்லாம் எங்க மகன் போன?” கடைசியில் இடக்கைப் பெருவிரல் ஒத்துக்கொண்டது. அன்று அங்கே ஒரு மனிதர் இருந்தார், பொறுமையாக வேறு விரலைத் தேடினார். அவர் இல்லாமல் கண்ணாடி மட்டும் இருந்திருந்தால்? தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள், மேசன் வேலை செய்யும் நானாமார், சீமெந்தில் கை வெந்தவர்கள் எல்லோரும் இந்தக் கேள்விக்குள் வருகிறார்கள்.

இந்தியாவின் ஆதார் இதைப் பெரிய அளவில் காட்டியது. 2010இல் தொடங்கி நூறு கோடிக்கு மேற்பட்டவர்களைப் பதிந்தார்கள். ஒரு துண்டுக் காகிதமும் இல்லாதிருந்த கோடிக்கணக்கான ஏழைகளுக்கு அது முதல் அடையாளமாக அமைந்தது உண்மை. விரல் ஒத்துக்கொள்ளாததால் பங்கீட்டுக் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள் இருந்ததும் உண்மை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2018 செப்டெம்பரில் ஆதாரை ஏற்றுக்கொண்டு, தனியார் நிறுவனங்கள் அதைக் கேட்பதற்கு இருந்த சட்ட ஏற்பாட்டை நீக்கியது. கருவி வந்து எட்டு வருடம் கழித்துத்தான் அதன் எல்லை வகுக்கப்பட்டது.

நமக்கு அந்த ஒழுங்கைத் திருப்பிப்போட இன்னும் வாய்ப்பிருக்கிறது. இலங்கைக்கான தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்கு இந்தியா மானியம் வழங்க 2022 மார்ச்சில் உடன்படிக்கை கைச்சாத்தானது. தொகை 300 கோடி இந்திய ரூபா. அதில் 45 கோடி 2023 ஆகஸ்டில் முற்பணமாகக் கையளிக்கப்பட்டது. முகம், கருவிழி, பத்து விரல்கள் மூன்றும் பதியப்படுவதாகத் திட்டம். 2024இல் ஆட்சி மாறிய பிறகும் திட்டம் கைவிடப்படவில்லை. இதற்கிடையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. உடலடையாளங்களை விசேட கவனத்துக்குரிய தரவாக அது கொள்கிறது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பின்போடப்பட்டன. வீட்டுக்குக் கதவு வைக்கும் முன்னர் பொருட்களை உள்ளே கொண்டுவந்து அடுக்குவதுபோல் இருக்கிறது இந்த ஒழுங்கு. கடவுச்சொல் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தையும் கருவிழியையும் மாற்றிக்கொள்ள முடியாது.

இதைச் சொன்னதும் “அப்ப நாங்க பதியாம இருக்கிறதா?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அப்படிச் சொல்லவில்லை. பதியாமல் ஒதுங்கியிருக்கும் சமூகம் காகிதத்திலும் இல்லாமற்போகும். வடக்கிலிருந்து விரட்டப்பட்ட நம் உறவுகளும், மலையகத் தோட்டங்களின் சகோதரர்களும் அடையாள அட்டையும் ஆவணமும் இல்லாமல் பட்ட பாட்டை நாம் அறிவோம். நாம் கேட்க வேண்டியவை வேறு. விரலோ முகமோ ஒத்துக்கொள்ளாதபோது அந்த ஆளின் வேலையை முடித்துக்கொடுக்க இன்னொரு வழி சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும், அலுவலரின் நல்ல மனதுக்கு விடப்படக் கூடாது. சேவைக்காகக் கொடுத்த முகம் வீதிக் கமராவின் தேடுதல் பட்டியலுக்குப் போகக் கூடாது, நீதிமன்றக் கட்டளை இல்லாமல். நம் நாட்டு முகங்களில், எல்லா இனத்தவரின் முகங்களிலும், முந்தானையோடும் தொப்பியோடும் தாடியோடும், கருவி சோதிக்கப்பட்டு அதன் பிழைவீதம் மூன்று மொழியிலும் வெளியிடப்பட வேண்டும். படம் எடுக்கும் விதிகள் ஒவ்வொரு ஸ்டூடியோச் சுவரிலும் தமிழிலும் சிங்களத்திலும் தொங்க வேண்டும். பிழை நடந்தால் யாரிடம் முறையிடுவது, எத்தனை நாளில் பதில் வரும் என்பதும் அங்கே இருக்க வேண்டும்.

இவை முஸ்லிம்களின் கோரிக்கைகள் மட்டுமல்ல. தேய்ந்த விரல் எல்லாச் சமூகத்திலும் உண்டு. ஆனால் ஒரு முகம் எவ்வளவு சீக்கிரம் குற்றமாகிவிடும் என்பதை அண்மையில் பட்டு அறிந்தவர்கள் என்ற வகையில், இதை முதலில் பேச வேண்டிய கடமை நம் பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது. பள்ளிவாசல் நிர்வாகங்கள், வழக்கறிஞர்கள், ஆசிரியர் சங்கங்கள், எழுதுகிறவர்கள் ஆகியோர் திட்டம் வாசலுக்கு வரும் முன்னரே ஒன்றாக அமர்ந்து இந்தக் கேள்விகளை எழுத்தில் கொடுக்கலாம். சிங்கள நண்பர்களையும் தமிழ் நண்பர்களையும் அந்த மேசைக்குக் கூப்பிடலாம்.

வருகிற தவணையில் மறுபடியும் படிவங்கள் மேசைக்கு வரும். பெயரின் எழுத்துக்களைப் பிறப்புச் சான்றிதழோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். ஸ்டூடியோவுக்குப் போகும் பெண் பிள்ளைகளின் கையில் விதியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்ப வேண்டும். இந்தத் தடவை அதைச் சிங்களத்திலும் எழுதிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். எங்கள் பாடசாலையின் சிங்கள ஆசிரியை எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.